மாரிக்கு முன்னரே தொடங்க வேண்டிய நத்தை விரட்டு: வன்னி வளவுகளில் பூங்கன்று காக்கும் வழி

வன்னியில் பூங்கன்று நடுகிற பருவமும் நத்தை வெளிவருகிற பருவமும் ஒன்றுதான். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு மழை தொடங்கியதும், மார்கழித் திருவெம்பாவைக்கும் தைப்பொங்கலுக்கும் பூ வேண்டுமென்று செவ்வந்தி, சீனியா, காசித்தும்பை, டேலியா நாற்றுகளைப் பாத்தியில் வைக்கிறோம். அதே மழையின் ஈரம் பட்டதும், வைகாசியிலிருந்து மண்ணுக்குள்ளும் மதில் இடுக்கிலும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கிடந்த நத்தைகள் பசியோடு புறப்படுகின்றன. மாலையில் நட்ட நாற்று விடியும்போது மொட்டைத் தண்டாக நிற்பதைக் கண்ட பின்னரே பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். அந்த வேளையில் செய்யக்கூடியது குறைவு. நத்தையை அடக்கும் வேலையில் பெரும்பங்கு மழைக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். அதுவும் பாத்திக்குள் அல்ல, பாத்தியைச் சுற்றியுள்ள வளவில்.

தின்பது எது என்று அறிதல்

இலையில் ஓட்டை விழுந்தாலே நத்தை என்று முடிவுகட்டக் கூடாது. மயிர்க்கொட்டியும் வெட்டுக்கிளியும் அதே சேதத்தைச் செய்யும். புழு தின்ற செடியின் கீழ் இலைகளில் உலர்ந்த சிறு குறுணிகளாக எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி பெரும்பாலும் இலையின் ஓரத்திலிருந்து அரிந்து செல்லும், தடம் எதையும் விடாது. நத்தை நடந்த இடத்தில் மட்டுமே, காய்ந்து மினுங்கும் கோழைத் தடம் இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பாத்தியருகே குந்தியிருந்து பார்த்தால் அந்தத் தடம் தெளிவாகத் தெரியும். நத்தையின் எச்சமும் வேறு: கருமையாக, நூல்போல் சுருண்டு, இலையோடு ஒட்டிக் கிடக்கும். பூவிதழைத் தின்னும்போது அது கடித்து எடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் கொண்ட நாக்கினால் இதழின் மேற்பரப்பை அராவி எடுக்கிறது. எனவே டேலியா இதழில் முதலில் கண்ணாடி போன்ற மெல்லிய திட்டு தோன்றி, பின்னரே அது ஓட்டையாகிறது. இதை ஒரு தடவை உற்றுப் பார்த்தவருக்கு மறுபடி ஐயம் வராது.

நம் வளவுகளில் சேதம் செய்வனவற்றுள் முதன்மையானது ஆபிரிக்க இராட்சத நத்தை. கிழக்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த இது 1847 இல் மொரிசியசிலிருந்து கல்கத்தாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கூம்பு வடிவான, கபில நிறத்தில் நெடுக்குக் கோடுகள் கொண்ட இதன் ஓடு, விரல் நீளத்தைத் தாண்டி வளரக்கூடியது. ஆண், பெண் என்ற பிரிவு இதில் இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஒருமுறை கூடிய பின் விந்தைச் சேமித்து வைத்துப் பல தடவை முட்டையிடவும் வல்லது. ஒரு தடவையில் நூறு முதல் நானூறு வரை முட்டைகள் இடும். முட்டைகள் இளமஞ்சள் கலந்த வெள்ளையில், கொத்தமல்லி விதையளவில், ஈரமண்ணுக்குச் சற்றுக் கீழே குவியலாகக் கிடக்கும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் பொரித்துவிடும். குஞ்சுகள் ஏறத்தாழ ஆறு மாதத்தில் தாமும் முட்டையிடத் தயாராகிவிடும். ஐப்பசி முதல் வாரத்தில் பிடித்து அழிக்கும் ஒரு நத்தை, கார்த்திகையில் பிடிக்கும் நூறு குஞ்சுகளுக்கு ஈடு என்று நான் கூறுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இரண்டாவது வகை, ஓடில்லா நத்தை. கறுத்து, தட்டையாக, தோல் வார் போன்ற உடலுடன் பூச்சாடிக்கு அடியிலும் பலகைக்கு அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடு இல்லாததால் வெயிலை அது தாங்காது. எனினும் மிக ஒடுங்கிய இடுக்கிலும் நுழைந்துவிடும். நாற்றின் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போவது பெரும்பாலும் இதன் வேலை. இவ்விரண்டையும் தவிர, நம் மண்ணுக்கே உரிய சிறு நத்தைகள் பலவும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை உக்கும் இலைகளையும் பாசியையும் தின்று வாழ்பவை, பூச்செடியை அண்டாதவை. குளத்திலும் வாய்க்காலிலும் காணப்படும் நீர் நத்தைக்கும் பூப்பாத்திக்கும் தொடர்பே இல்லை. கண்ணில் பட்ட ஓட்டையெல்லாம் உடைப்பது வீண் வேலை.

ஆவணி, புரட்டாதியில் செய்ய வேண்டியது

கோடையில் ஆபிரிக்க நத்தை சாவதில்லை, உறங்குகிறது. ஓட்டின் வாயை வெள்ளைச் சவ்வொன்றினால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உணவும் நீருமின்றி அதனால் கிடக்க முடியும். கச்சான் காற்று வீசி மண் பாளம் பாளமாக வெடிக்கும் அந்தக் காலத்தில் அது நகராது, ஒளியாது, தப்பி ஓடாது. ஆகவே அதைத் தேடிப் பொறுக்குவதற்கு ஆண்டிலேயே ஏற்ற காலம் அதுவே. ஆனால் அக்காலத்தில் நத்தையின் நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

தேட வேண்டிய இடங்கள் வன்னி வளவுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. வேலியோரம் சாத்தி வைத்த கிடுகுக் கட்டு, பனை மட்டைக் குவியல், வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல் அடுக்கு, உடைந்த ஓடு, துருப்பிடித்த தகரம், கிணற்றுக் கட்டின் நிழற்புறம், தண்ணீர்த் தொட்டி கசிகிற மூலை, வாழைப் புதரின் அடிக்கட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீள்குடியேறிய பல காணிகளில் போரில் இடிந்த பழைய வீட்டின் அத்திவாரமும் அரைச்சுவரும் இன்னும் நிற்கின்றன. அந்தக் கல்லிடுக்குகள் நத்தைக்கு அரண்மனை. அவற்றை அகற்ற மனமோ வசதியோ இல்லாதவர்கள், சுற்றியுள்ள பற்றையையாவது வெட்டி வெயில் படச் செய்தல் வேண்டும். மாட்டெருக் குவியலையும் குப்பைக் கிடங்கையும் மண்வெட்டியால் கிளறி, இரண்டு நாள் வெயிலில் பரவி விட்டுப் பின்னரே பாத்திக்கு இட வேண்டும். கோடையிலும் ஈரம் காக்கும் இடம் அதுவே என்பதால், முட்டையும் குஞ்சும் அங்கிருந்து பசளையோடு சேர்ந்து பாத்திக்கு வந்துவிடும்.

வெள்ளையடித்த மதிலை மறந்துவிடக் கூடாது. ஓடு வளர்வதற்கு நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காக இரவில் சுவரில் ஏறிச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். மழைக்காலத்து விடியலில் மதிலின் அடிப்பகுதியில் வளைந்து வளைந்து செல்லும் சுரண்டல் கீறல்கள் தென்பட்டால், அவை முடியும் இடத்துக்கு அண்மையில்தான் அதன் பகல் உறைவிடமும் இருக்கும். இரவு மேய்ந்த நத்தை விடியும்போது பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பி வருவதால், அந்த இடத்தை ஒருமுறை கண்டுபிடித்தவருக்கு அடுத்தடுத்த நாள்களிலும் அங்கே நத்தை கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. பலகையையோ தகரத்தையோ புரட்டுமுன் நீண்ட தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நத்தை விரும்பும் குளிர்ச்சியையும் இருளையும் புடையனும் விரியனும் விரும்பும். வெறுங்கையை இடுக்குக்குள் விடும் பழக்கம் வன்னியில் எவருக்கும் வேண்டாம்.

முதல் மழையின் பின் மூன்று வாரம்

மழை தொடங்கியபின் நம்பத்தக்க வழி, இரவில் கையால் பொறுக்குவதே. இதைச் சொன்னால் பலருக்குச் சலிப்பு ஏற்படும். ஆயினும் வாங்கித் தூவுகிற எந்தப் பொருளும் இதற்கு இணையாகாது. பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்தின் பின், மழை விட்டுத் தூறல் மட்டும் இருக்கும் வேளையில், நத்தைகள் உறைவிடத்தை விட்டு வெளியே வந்திருக்கும். முழங்கால் வரை சப்பாத்து அணிந்து, ஒரு கையில் ரோச் லைற்றும் மறு கையில் வாளியுமாகப் பாத்தியைச் சுற்ற வேண்டும். செடியில் மட்டுமன்றி, பாத்திக்கும் வேலிக்கும் இடையிலுள்ள வெறுந்தரையிலும் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். மேய வருகின்றவை அங்கேதான் அகப்படும். முதல் மூன்று வாரங்கள் ஒவ்வோர் இரவும், பின்னர் வாரத்துக்கு இரு முறையும் என்று ஒழுங்காகச் செய்தால், கார்த்திகை விளக்கீட்டுக்குள் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். ஆரம்பத்தில் ஊக்கத்தோடு தொடங்கி ஐந்தாறு நாளில் விட்டுவிட்டால், முதல் மழையில் இட்ட முட்டைகள் பொரிக்கும் வாரத்தில் நாம் பாத்தியில் இருக்க மாட்டோம்.

நத்தையை வெறுங்கையால் தொடக் கூடாது. எலியின் எச்சத்தைத் தின்னும் நத்தையின் உடலில் எலியின் நுரையீரலைத் தாக்கும் ஒருவகைப் புழுவின் குடம்பி தங்கக்கூடும். அது மனிதர் உடலுக்குள் சென்றால் மூளையுறையில் அழற்சியை உண்டாக்கும். எனவே பிளாஸ்ரிக் கையுறையோ, கையுறைபோல் மாட்டிய பொலித்தீன் பையோ, சமையலுக்கு இனிப் பயன்படாத பழைய இடுக்கியோ வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் இட்டுக் கை கழுவ வேண்டும். பூப்பாத்தியின் அருகே கீரையோ புதினாவோ வைத்திருப்பவர்கள், அவற்றைப் பச்சையாக உண்ணுமுன் ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் கழுவ வேண்டும். நத்தை பொறுக்கச் சிறுவர்களை ஏவுவது நம் ஊர்களில் வழக்கமாக இருப்பினும், கையுறை இல்லாமல் அவர்களை அனுப்பக் கூடாது.

இரவில் இறங்க முடியாதவர்கள், நத்தையைப் பகலில் ஓரிடத்தில் கூட்டி வைக்கும் வழியைக் கையாளலாம். பழைய சணற் சாக்கொன்றை நன்றாக நனைத்து, அதன் அடியில் பப்பாசி இலை, பப்பாசித் தண்டு, வாழைத்தண்டு, கோவா இலை ஆகியவற்றில் கிடைப்பதை நறுக்கிப் போட்டு, மாலையில் பாத்தியின் ஓரத்தில் விரித்துவிட வேண்டும். பப்பாசியின் மணத்துக்கு ஆபிரிக்க நத்தை தூரத்திலிருந்தும் வரும். விடிந்ததும் வெயில் ஏறுமுன் சாக்கைத் தூக்கினால் இரவில் மேய்ந்தவை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாக்கைப் பாத்தியின் நடுவில் விரிப்பது தவறு; நத்தையைச் செடிக்கு அருகே நாமே அழைத்ததாகிவிடும். வேலிப் பக்கமாக, செடியிலிருந்து சில அடி தள்ளியே அது இருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் தூக்கிப் பார்க்காத சாக்கு, பொறியாக அல்லாமல் நத்தைக்குக் குடிமனையாகவே பயன்படும்.

ஓடில்லா நத்தைக்குப் புளித்த மணம் பிடிக்கும். மேலை நாடுகளில் இதற்காகப் பியரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி மண்ணில் பதித்து வைப்பார்கள். நமக்குப் புளித்த கள்ளு போதும், அதுவும் இல்லாவிடில் தோசை மா கரைத்த சட்டியைக் கழுவிய புளித்த நீர் போதும். சிரட்டையை மண் மட்டத்துக்குச் சற்று மேலே விளிம்பு நிற்கும்படி புதைத்து, பாதியளவு ஊற்றி, மழை நீர் நிரம்பாமல் மேலே ஓட்டுத் துண்டொன்றைச் சாய்த்து வைக்க வேண்டும். இதில் சிறியவை விழுந்து அமிழ்ந்துவிடும். பெரிய நத்தை குடித்துவிட்டுப் போய்விடும். ஒரு சிரட்டை தன்னைச் சுற்றிய சிறு வட்டத்துக்கு மேல் பயன் தராது என்பதால் பாத்தி முழுவதற்கும் இதை நம்பியிருக்க முடியாது.

பிடித்ததை என்ன செய்வது

வேலிக்கு அப்பால் வீசுவது பயனற்றது. அது திரும்பி வரும். வராவிட்டால் அயலவரின் பாத்தியில் மேயும். கொதிநீர் ஊற்றிக் கொல்வதே விரைவானதும் மண்ணுக்குக் கேடற்றதுமான முறையென்று கருதுகிறேன். விறகும் நேரமும் இல்லாதவர்கள் பத்து லீற்றர் நீரில் இரண்டு கிலோ கறியுப்பைக் கரைத்த வாளியில் பிடித்தவற்றை இட்டு மூடி வைக்கலாம். ஆனால் அந்த உப்பு நீரைச் செடிக்கு அருகிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுவது ஏற்கெனவே பெருந்துன்பமாக இருக்கையில், பாத்தியில் நேரடியாக உப்புத் தூவும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். உப்பு நத்தையைக் கொல்லும், உண்மை. மழையில் கரைந்து வேருக்கு இறங்கிக் கன்றையும் கருக்கிவிடும், மண்ணில் தங்கியும் நிற்கும்.

செத்த நத்தைகளை ஓட்டோடு நசுக்கி, ஒன்றரை அடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும். நசுக்குவதற்குக் காரணம் உண்டு. வெற்று ஓடு வாய் மேலாகக் கிடந்தால் அதில் மழை நீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிடும். புதைகுழி கிணற்றிலிருந்து விலகியிருத்தலும், நாய் கிளறாதபடி மேலே கல் வைத்தலும் அவசியம். புதைத்த நத்தை சுண்ணாம்புச் சத்தோடு மண்ணாகிவிடும். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் வாழையோ செவ்வரத்தையோ வைக்கலாம்.

நீரும் மூடாக்கும்

வன்னியில் வெயில் தாழ்ந்த பின் பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுவதே வழக்கம். பகல் வெக்கையில் விட்ட நீர் வீணாகும் என்ற நியாயம் அதில் உண்டு. எனினும் மாலையில் நனைத்த பாத்தி இரவு முழுவதும் ஈரமாக இருப்பதால், நத்தைக்கு அது விரித்து வைத்த பாதை. நத்தை தன் கோழையின் மீதே ஊர்வது. உலர்ந்த தரையில் அதற்குக் கோழை அதிகம் செலவாகும், ஆகவே அது தயங்கும். தண்ணீர் விடுவதை விடியற்காலைக்கு மாற்றினால், மாலைக்குள் மேல்மண் காய்ந்துவிடும். கன்றின் வேரடியில் மட்டும் ஊற்றி, நடைபாதையையும் வரப்பையும் உலர விட வேண்டும். மாரியில் வானம் பொழிகையில் இதற்கு இடமில்லை. மழை விட்ட இடைநாள்களிலும், தை கழிந்த பின்னரும், பங்குனி, சித்திரையின் இடைமழைக்குப் பின்னும் இது பெரிதும் உதவும்.

மூடாக்கு விடயத்தில் நம் வறள் வலயத்துக்கும் மழை நாட்டுக்கும் வேறுபாடு உண்டு. கோடையில் வைக்கோலும் தென்னந்தும்பும் கிடுகுத் துண்டும் இன்றிப் பூங்கன்று தப்பாது. அதே மூடாக்கு மாரியில் நத்தைக்கு மெத்தை. எனவே வைகாசியில் இட்ட மூடாக்கைப் புரட்டாதிக் கடைசியில் வாரி எடுத்து, வெயிலில் காய வைத்துக் குவித்துவிட வேண்டும். மண் அரிப்புக்கு அஞ்சி விட்டு வைப்பவர்கள், தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவாவது வெறுந்தரையாக விட வேண்டும். கன்றுகளை நெருக்கி நடாமல், கீழிலை மண்ணில் படாதபடி கிள்ளிவிட்டு, காற்றும் வெயிலும் அடிவரை செல்லச் செய்தலும் இதே நோக்கத்துக்கே.

நாற்றை முதிரவிட்டு நடுவது இன்னும் சிறந்தது. இரண்டிலை, மூன்றிலைப் பருவத்தில் பாத்திக்கு இறக்கிய காசித்தும்பை ஒரே இரவில் காணாமற்போகும். மேசை உயரத்துக்குக் கட்டிய தட்டியில் சாண் உயரம் வளர்த்துத் தண்டு சற்று வைரித்த பின் இறக்கினால், ஓரிரு இலை போனாலும் அது மீண்டு தழைக்கும். இறக்கிய கன்றுக்கு முதல் பத்து நாளும் அடியை வெட்டிய ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைக் கழுத்துப் பட்டிபோல் மண்ணில் இரண்டு விரற்கடை அமிழ்த்தி வைத்தல் நல்லது. பெரிய நத்தை முயன்றால் ஏறிவிடும். குஞ்சுகளும் ஓடில்லாதவையும் பெரும்பாலும் நின்றுவிடும்.

தூவும் பொருள்களும் மருந்தும்

முட்டை ஓட்டை நொறுக்கித் தூவினால் நத்தை வராது என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. 2018 இல் பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செப்புப் பட்டை, கூரிய பருமணல், மரப்பட்டைத் துண்டு, கம்பளிக் குறுணி ஆகியவற்றை லெற்றூஸ் செடிகளைச் சுற்றி இட்டுச் சோதித்தது. எதுவும் இடாத செடிகளில் ஏற்பட்ட சேதத்துக்கும் இவற்றில் ஏற்பட்ட சேதத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அந்நாட்டு நத்தை வேறு, நம் நத்தை வேறு. ஆனாலும் சுண்ணாம்புக்காகச் சுவரையே சுரண்டும் பிராணிக்கு முட்டை ஓட்டைத் தூவுவது தடுப்பாகுமா, தீனியாகுமா என்று சற்று நினைத்துப் பார்க்கலாம்.

உமிச் சாம்பலுக்கு ஓரளவு பயன் உண்டு. அரிசி ஆலைகளில் கேட்டாலே கிடைக்கும் இது, உலர்ந்திருக்கும் வரை நத்தையின் கோழையை உறிஞ்சி அதன் நகர்வைத் தடுக்கும். ஒரு மழை பெய்தால் அந்தக் குணம் போய்விடும். ஆகவே திறந்த பாத்திக்கு இடுவதிலும் பார்க்க, விறாந்தையில் கூரையின் கீழ் அடுக்கிய பூச்சாடிகளைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு இடுவதே தகும். நீற்றிய சுண்ணாம்புத் தூளுக்கும் இதே மட்டுப்பாடுதான். மண்ணின் காரத்தன்மையையும் அது கூட்டும் என்பதால் ரோசாவுக்கும் எக்சோராவுக்கும் அருகில் வேண்டாம். செவ்வரத்தை, நந்தியாவட்டை போன்ற வைரத் தண்டுள்ள செடிகளுக்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைத் தண்டின் அடிப்பகுதியில் தூரிகையால் பூசினால், அதன் மேல் ஏற நத்தை பின்வாங்கும். இலையில் தெளித்தால் கருகக்கூடும். தண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அலரி, நித்தியகல்யாணி போன்ற நச்சுப்பால் அல்லது கசப்புள்ள செடிகளை நத்தை பொதுவாக விரும்புவதில்லை. வேலியோர வரிசைக்கு அவற்றைத் தெரிவு செய்து, மென்மையான பூங்கன்றை உட்புறம் வைப்பது புத்தி.

புகையிலை ஊறவைத்த நீரைத் தெளிக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. புகையிலையின் நஞ்சு தெளிப்பவரின் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். பூவுக்கு வரும் தேனீயையும் கொல்லும்.

நத்தைக் குறுணை மருந்துகளுள் பழையது மெற்றல்டிஹைட். இதைத் தின்ற நத்தை அளவுக்கு மீறிக் கோழையைக் கக்கி, உடல் நீர் வற்றிச் சாகிறது. இங்கேதான் நமது இடர்ப்பாடு: தின்ற இரவே மழை பெய்தால், அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நத்தை பிழைத்துவிடக்கூடும். நத்தை மிகுந்திருக்கும் காலமோ நமக்கு மழைக்காலம். மேலும் நாய், பூனை, கோழி ஆகியவற்றுக்கு இது கொடிய நஞ்சு. பெரிய பிரித்தானியாவில் வெளிப்புறப் பயன்பாடு 2022 மார்ச் மாத இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டது. வளவில் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீடுகளில் இதைத் தவிர்ப்பதே நலம். இரும்புப் பொஸ்பேற் சேர்ந்த குறுணைகள் ஒப்பீட்டளவில் கேடு குறைந்தவை. அவற்றைத் தின்ற நத்தை உடனே சாகாது, மேய்ச்சலை நிறுத்தி ஒளிந்துகொண்டு சில நாள்களில் சாகும். எதை வாங்குவதானாலும் பதிவு செய்யப்பட்ட மருந்தா என்று பார்த்து, அளவையும் முறையையும் கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து பயன்படுத்த வேண்டும். பொதி பிரித்து, பெயரில்லாத பையில் தரும் மருந்தை வாங்கவே கூடாது.

நமக்காக நத்தை தின்பவை

செண்பகப் பறவை வேலிக்குள் தத்தித் தத்தித் திரிவதைக் கண்டால் விரட்ட வேண்டாம். ஆபிரிக்க நத்தையைக் கொத்தித் தின்னும் பறவைகளுள் அது முக்கியமானது; அது கூடு கட்டும் அடர்ந்த கிளுவை வேலியை முழுவதுமாக மொட்டையடிக்காமல் ஒரு பக்கமாவது விட்டு வைத்தால், ஆண்டு முழுவதும் கூலியில்லாக் காவல் கிடைக்கும். மின்மினியின் குடம்பியும் நத்தையைத் தின்று வளர்வதே. இருட்டில் வேலியடியில் நிலத்தோடு ஒட்டிய மங்கலான ஒளி தெரிந்தால் அது நத்தை வேட்டையில் இருக்கலாம். கண்டபடி பூச்சிநாசினி அடிக்கும் வளவில் இந்த ஒளியைக் காண முடியாது. வாத்து வளர்ப்போர், நடுகைக்கு முன்னர் பாத்தியில் அவற்றைச் சில நாள் மேயவிட்டால் குஞ்சு நத்தைகளும் ஓடில்லாதவையும் குறையும். கன்று நட்ட பின் விட்டால் மிதித்துச் சேறாக்கிவிடும். கோழி இதற்கு ஆகாது. நத்தையைத் தேடுவதிலும் பார்க்க நாற்றைக் கிளறுவதிலேயே அதற்கு ஊக்கம் அதிகம்.

அயற்காணியும் புதுப் பூச்சாடியும்

ஒரு வளவைத் துப்புரவாக்கியபின்னும் நத்தை குறையவில்லையென்றால், பெரும்பாலும் அது பக்கத்துக் காணியிலிருந்து வருகிறது. உரித்தாளர் வெளிநாட்டில் இருக்க, பற்றை மண்டிக் கிடக்கும் காணிகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏராளம். அப்படியான எல்லையில், உரியவரிடமோ காணியைப் பார்ப்பவரிடமோ அனுமதி பெற்று, நம் வேலியின் வெளிப்புறத்தில் ஒரு பாகம், அதாவது ஏறத்தாழ ஆறடி அகலத்துக்குப் பற்றையைச் செருக்கி வெறுந்தரையாக வைத்திருக்க வேண்டும். நனைத்த சாக்கையும் அந்தப் பக்கத்து வேலியடியிலேயே விரிக்க வேண்டும். நான்கைந்து வளவுக்காரர் சேர்ந்து ஒரே வாரத்தில் பொறுக்கினால், தனித்தனியே ஒரு மாரி முழுவதும் பொறுக்குவதைவிடப் பலன் கூடும்.

நத்தையே இல்லாத வளவுக்கு அது வந்து சேரும் வழி பெரும்பாலும் மண்ணும் பூச்சாடியும்தான். வெளி மாவட்டத்திலிருந்து லொறியில் வரும் அந்தூரியத்தையும் ஓர்க்கிட்டையும் ரோசாவையும் வாங்கும்போது, பூவைப் பார்க்குமுன் சாடியைச் சரித்து அடித்துளையைப் பார்க்க வேண்டும். ஓர்க்கிட்டின் கரிக்கட்டைக்கும் தும்புக்கும் இடையே நகத்தளவுகூட இல்லாத நத்தைகள் ஒளிந்திருந்து வேர் நுனியைத் தின்னும். வேர் நுனி மொட்டையாக இருந்தால் அந்தச் செடியை வாங்காமல் விடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்த சாடியை உடனே மற்றவற்றோடு சேர்த்துவிடாமல், சீமெந்துத் தரையில், உமிச் சாம்பல் வட்டத்துக்குள் மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும். மண்ணுக்குள் முட்டை இருந்தால் அதற்குள் பொரித்துவிடும். இரவில் ரோச் அடித்துப் பார்த்துக் குஞ்சுகளைப் பொறுக்கியபின், மேல்மண்ணை இரண்டு விரற்கடைக்கு எடுத்துக் கொதிநீர் ஊற்றிப் புதைத்துவிட்டுப் புது மண் இட்டுச் சாடியை உரிய இடத்துக்கு மாற்றலாம்.